வாடை இல்லாத மருந்து

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டாலும் நீ அப்படித்தான் சொல்லப்போகிறாய். போனில் பேசி முடிக்க முடியாத ஒரு காரியம் இருப்பதால் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசினால் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்தினால், அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்து நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். காகிதத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதினாலும் படிக்கிறவனுக்குத் தெரியாது. விஷயம் உன் மகளின் காதுகுத்து. சித்திரையில் பாதியில் நின்றுபோனதைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தான், நாள் பார்த்தவனும் நான்தான். கோயமுத்தூரிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவீர்களா மாட்டீர்களா என்று நீயும் சுகந்தியும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதற்கு நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஆனால் அதைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில் எழுதிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். பள்ளிக்கூடத்திலேயே பாடத்தை விட்டுவிட்டு நோட்ஸில் விடையை மட்டும் படித்தவன் நீ.

என் புத்தி உனக்குத் தெரியும். வேலைக்காலம் முழுவதும் தேனிக்கும் குமுளிக்கும் நடுவில் ஓடுகிற பஸ்களில் ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதித்தவன். பஸ்ஸில் ஏறியதும் நான் யார் கையையும் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியாகத் திராட்சைப் பந்தலையும் மலையையும் ரொம்ப ரசித்துக்கொண்டு வருவான். எடுத்தவனுக்கு அந்த அழகெல்லாம் கண்ணில் படாது. ஒரு தடவை சின்னமனூரில் நான் ஏறிய பஸ்ஸில் நீ பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்து மலையை ரசித்துக்கொண்டிருந்தாய். பஸ் பாஸை வீட்டில் மறந்துவிட்டேன் என்றாய். மற்றவர்களுக்கு என்ன விதியோ அதுதான் உனக்கும் என்று அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். உன் அம்மா அதற்காகப் பல நாள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் கிடையாது, நீ அன்று பொய்தான் சொன்னாய். பாஸை நீ மறக்கவில்லை, நண்பனுக்கு இரவல் கொடுத்திருந்தாய் என்று அப்புறம் தெரிந்தது. சந்தேகப்பட்டால் உண்மை வெளியே வரும் என்று அன்றிலிருந்து இன்னும் உறுதியாக நம்பினேன். இந்தச் சித்திரைக்கு அப்புறம்தான் அந்த நம்பிக்கை எனக்கு வேலைக்கு ஆகவில்லை.

அந்தக் காலையை நீ மறந்திருக்கமாட்டாய். வீடு நிறைய ஆட்கள். சுகந்தியின் அண்ணன் தாய்மாமன் சீரோடு முதல் நாளே வந்து இறங்கியிருந்தார். கோயிலில் கட்டிப்போட்ட கிடா, சொல்லிவைத்த ஆசாரி, வாசலில் வேன் என்று எல்லாம் தயார். விடிகிற நேரத்தில் பாப்பாவுக்கு இளைப்பு எடுத்தது. முதலில் இருமல் என்று நினைத்தோம். அப்புறம் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வருகிறது, விலா எலும்பெல்லாம் தெரிகிறது, அழக்கூட அதற்குத் தெம்பில்லை. சுகந்தி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். நீ பின்னாலேயே ஓடினாய். தேனி ஆஸ்பத்திரியில் ஆவி மெஷின் வைத்து மூச்சு சீரானதும் அப்படியே கோயமுத்தூருக்குப் போய்விட்டீர்கள். வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் நான் என்ன சொல்லி நின்றேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. வேண்டிக்கொண்ட கிடாவை வெட்டாமலும் விட முடியாது, காது குத்தாமல் விருந்தும் போட முடியாது. கடைசியில் வெட்டிப் பரிமாறினோம், சாப்பிட்டவர்கள் எல்லோரும் துக்க வீட்டில் சாப்பிட்ட மாதிரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்கள்.

நான் முதலில் சந்தேகப்பட்டது உன் மனைவியை. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கு நம் கோயிலில் கிடா வெட்டிக் காது குத்துவதில் விருப்பமில்லை என்று எனக்கு முன்பே ஒரு எண்ணம். நகைக்கடையிலேயே வலிக்காமல் குத்துகிறார்கள் என்று அவள் சொன்னதை நான் மனதில் முடிந்து வைத்திருந்தேன். நன்றாக இருந்த பிள்ளைக்கு, கிளம்புகிற நேரம் பார்த்து எப்படி இளைப்பு வரும்? ஆலையும் வண்டியும் நிறைந்த கோயமுத்தூரில் வராத இளைப்பு, மேகமலை அடிவாரத்தில், ஓடைப்பட்டிப் பக்கத்து ஊரில் வருமா? கோடையில் ஊர் ஊராக ஆட்கள் வந்து சுருளி அருவியில் குளித்துவிட்டு, இந்தக் காற்றுக்காகவே இங்கே இருந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் வீட்டில் வந்து ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்றால் அது காற்றின் குற்றமாக இருக்க முடியாது என்று அடித்துப் பேசினேன். உன் அம்மாதான் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, "தொண்டக்குழி உள்ள போறத நீங்களும்தானே பாத்தீக. அதக்கூடவா அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தாக?" என்று கேட்டாள். அதோடு சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

வேறு பக்கம் என்றால் வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம். உன் சின்னச்சாமி சித்தப்பாவின் திராட்சைப் பந்தல். நம் பக்கத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, உனக்கும் தெரியும். அடிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். நாங்கள் மாட்டை உள்ளே கட்டுவோம், தண்ணீர்த் தொட்டியை மூடுவோம், காயப்போட்ட துணியை எடுப்போம், வாடை அடங்குகிற வரைக்கும் ஜன்னலைச் சாத்தி வைப்போம். திராட்சைக்குக் கீழே நின்றுகொண்டு மேலே பந்தலைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அதனால் இலையில் ஒட்டியது போக மீதியெல்லாம் பந்தலுக்கு மேலே பனி மாதிரி எழும்பி, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். சித்திரையில் அன்று சின்னச்சாமி வந்து சொல்லவில்லை. அதனால் அவன் அடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். வாடையும் துளி இல்லை. நானும் பிறந்ததிலிருந்து இந்த வாடையிலேயே இருக்கிறவன், மருந்து அடித்தால் என் மூக்குக்குத் தெரியாமல் போகாது என்று இருந்தேன். ஆனால் அந்த வாரத்தில் கோடை மழை தூறியிருந்தது. மழை பட்ட பந்தலுக்கு மறுநாளே மருந்தடிக்காவிட்டால் இலையெல்லாம் அடிச்சாம்பல் நோய் விழுந்து கொத்து கருகிவிடும். அப்படியிருக்க அவன் எப்படிச் சும்மா இருந்திருப்பான்? யோசிக்க யோசிக்க எனக்கு அவன் மேல் ஐயம் முளைத்தது. போன வருஷம் நம் தென்னையின் மட்டை விழுந்து அவன் பந்தல் கம்பி அறுந்ததில் இரண்டு பேருக்கும் பேச்சு தடித்ததை நினைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே சொல்லாமல் அடித்திருப்பானோ என்று மனசு போயிற்று.

நேரே போய்க் கேட்க என் வேலைப் பழக்கம் விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். அதனால் தினம் காலையில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். நான்கு பக்கமும் நடந்து புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். உன் அம்மா இதைப் பார்த்துவிட்டு, இந்த மனுசனுக்கு இந்த வயதிலாவது பக்தி வந்ததே என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். மாடியில் நின்று பார்த்தபோதுதான் நம் ஊர்க் காற்றில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறார்கள் என்று தெரிந்தது. வடக்கே செங்கல் வேகிற காளவாசல் புகை. ஓடைக்கரையில் யாரோ குப்பைக்கு வைக்கிற நெருப்பு, அதில் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிப் போகிற லாரியின் புழுதி. தென்னந்தோப்புகளில் மூட்டம் போடுகிற மட்டையும் பாளையும். ஆடி மாதம் பூராவும் மேற்கிலிருந்து அடித்த காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஆஹா, சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அள்ளிக்கொண்டு எங்கே போனது என்று அப்புறம்தான் தோன்றியது. அடுத்த ஊரில் எவனோ ஒருவன் தன் மாடியில் நின்று நம்மைச் சந்தேகப்பட்டிருப்பான். பனி இறங்க ஆரம்பித்த பிறகு காற்று நகர்வதே இல்லை. காலையில் பார்த்தால் இரண்டு மலைக்கும் நடுவில் எல்லாப் புகையும் ஒன்றாகக் கலந்து படுத்துக் கிடக்கிறது, எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

காளவாசல்காரரிடம் போய் நியாயம் கேட்டேன். மரியாதையாக நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்து, தன் புகை சூட்டோடு நேரே மேலே போய்விடும் என்றும், கீழே தவழ்கிறது குப்பைப் புகைதான் என்றும் சொன்னார். குப்பையைக் கொளுத்துகிற ஆளைப் பிடித்தால், இது அரை மணியில் அணைந்துவிடும், லாரிப் புழுதிதான் நாள் பூராவும் இருக்கிறது என்றான். லாரிக்காரர் மருந்தைக் காட்டினார். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டியதில் நான் ஊரைச் சுற்றி வந்து நம் வீட்டு வாசலிலேயே நின்றேன். யார் முகத்திலும் பொய் தெரியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அவரவர் புகை அவரவருக்கு உண்மையாகவே பெரிதாகத் தெரியவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்தது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது என்று முதலில் விட்டேன். அப்புறம் படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சுகந்தி கண்டுபிடித்துவிட்டாள். பாப்பாவுக்குக் கதை சொல்லுங்கள் மாமா என்று அவள் அடிக்கடி போன் போட்டபோது, நான் கதை சொல்ல, அந்தப் பக்கம் அவள் ஏதோ கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. எதை வேவு பார்க்கிறாள் என்று குழம்பினேன். ஒரு நாள் அவளே சொன்னாள். "மாமா, நீங்க பேசறப்ப நடுவுல நடுவுல மூச்சு வாங்குதுங்க. பாப்பாவுக்கு ஆரம்பிக்கறப்ப இப்படித்தானுங்க இருக்கும். கோவிச்சுக்காம ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிருங்க மாமா." எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் பென்ஷன் ஆபீஸில் வேலை என்று உன் அம்மாவிடம் புளுகிவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். வீடு தோட்டத்துப் பக்கமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, இன்னதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கை காட்ட முடியாது என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை உன் அம்மாவுக்குத் தெரியாமல் என் பழைய பைக்குள் வைத்திருந்தேன். பைக்குள் என்ன சத்தம் என்று அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த வீட்டில் சந்தேகப்படுகிறவன் நான் ஒருவன்தான், கண்டுபிடிக்கிறவர்கள் பெண்கள்.

இப்போது ஜன்னல் விஷயம். சித்திரையில் காதுகுத்துக்கு முதல் நாள் ராத்திரி சுகந்தி பிள்ளையைப் படுக்கவைக்கும்போது பந்தல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். விடிவதற்கு முன்னால் நான் எழுந்து அந்தப் பக்கம் போனபோது, இந்தக் காற்றைப் போய் யாராவது சாத்தி வைப்பார்களா என்று அதைத் திறந்துவிட்டேன். அவள் விழித்துக்கொண்டு, வேண்டாமே மாமா என்றாள். "கோயமுத்தூர்லதாம்மா சாத்தணும். இங்கன திறந்து போட்டாத்தான் புள்ள நல்லாத் தூங்கும்" என்று சொல்லிவிட்டு, பெருமையாகக் கோலப்பொடி வாங்கக் கிளம்பிப் போனேன். இதை அவள் உன்னிடம் முதல் வேலையாகச் சொல்லியிருப்பாள், அதனால்தான் நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இத்தனை மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ போனில் பேச்சுவாக்கில், அன்று ஜன்னலெல்லாம் சாத்தித்தானே இருந்தது, அப்படியும் எப்படி வந்தது என்று கேட்டாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாமனார் பெயரைக் காப்பாற்ற உன்னிடம்கூட அவள் சொல்லவில்லை. அவளைத்தான் நான் நடிக்கிறாள் என்று நினைத்தேன். நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது, தம்பி.

அந்த வெட்கத்தோடுதான் சின்னச்சாமியிடம் நேரே போனேன். அவன் பந்தலுக்குள் இலை கிள்ளிக்கொண்டிருந்தான். சித்திரையில் காதுகுத்து அன்று மருந்தடித்தாயா என்று கேட்டேன். மறுக்கப்போகிறான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. அடித்தேன் என்றான்.

"அப்ப ஏன் சொல்லல?"

"விருந்தாளுக வந்திருக்காகன்னுதாண்ணே சொல்லல. மருந்தடிக்கப் போறோம்னு வந்து நின்னா, விசேஷ வீட்டுல வந்து எந்திரிச்சுப் போங்கன்னு சொன்ன மாதிரி ஆகாதா? மழ வேற தூறிருச்சு, அடிக்காமயும் இருக்க முடியல. அதான் கடையில கேட்டு, வாடை இல்லாத மருந்தா வாங்கியாந்து, நீங்க யாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சுட்டேன். நம்ம அண்ணன் வீட்டுக்கு வந்த கோயமுத்தூர்க்காரக மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு பாத்தேண்ணே."

வாடை இல்லாவிட்டால் மருந்து இல்லை என்று அவனும் நினைத்திருக்கிறான், நானும் நினைத்திருக்கிறேன். அவன் மரியாதைக்குச் செய்தது, நான் பெருமைக்குத் திறந்த ஜன்னல், இரண்டும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் காரணம் என்று டாக்டரும் அடித்துச் சொல்லமாட்டார், காளவாசல் புகையும் அன்று இருந்திருக்கலாம். ஆனால் சண்டைக்கு என்று மனதில் எழுதிக்கொண்டு போன வார்த்தை ஒன்றைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. பாப்பாவுக்கு நடந்ததை அவனுக்கு முழுசாகச் சொன்னேன். இளைப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறான், மருந்தோடு சேர்த்து நினைக்கவே இல்லை. கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டு, "எம் பொண்டாட்டிக்கும் அப்படித்தாண்ணே, அடிச்ச மறுநாள் மூச்சு விட முடியாம ஒக்காந்திருப்பா. பனி ஒத்துக்கலன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்" என்றான். இத்தனை நாள் அவன் வீட்டுக்குள்ளும் ஒரு நெஞ்சு இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவன் விட்ட பழக்கத்தை இரட்டிப்பாகப் பிடித்துக்கொண்டான். தான் அடிக்கும்போது மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரிடமும் என் நம்பரைக் கொடுத்து, அண்ணனுக்கு இளைப்பு, வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். நல்ல மனிதர்கள், ஒருத்தர் விடாமல் சொல்கிறார்கள். காலையில் போன் அடிக்கிறது. இன்றைக்கு மேற்குப் பக்கம், நாளைக்குக் கிணற்று மேட்டுப் பக்கம், இன்றைக்குப் பந்தல், நாளைக்குத் தக்காளி, அதற்கு மறுநாள் வெண்டை. நான் ஜன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன், மறுபடி சாத்துகிறேன். முன்பு யாரும் சொல்லாமல் இருந்தபோது மருந்தடிக்கிற நாள் எப்போதோ ஒன்று என்று இருந்தேன். எல்லோரும் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் போன் அடிக்காத நாள் எத்தனை குறைவு என்று தெரிகிறது. சொல்லிவிட்டு அடித்தாலும் காற்று அதே காற்றுதான். அவர்கள் வாழ்கிறது அந்தப் பந்தலில், அடிக்காதே என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? சின்னச்சாமி அதற்கும் வந்து நின்றான். "தை மாசம் காதுகுத்துன்னா அந்த வாரம் நான் அடிக்கல அண்ணே. நோய் விழுந்தா விழட்டும், பந்தல் போனாப் போகுது" என்றான். சும்மா வாய்க்குச் சொல்கிறானா என்று பழக்கத்தில் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் பந்தலைக் கருகவிட்டு நான் பேத்திக்குக் காது குத்தி என்ன பெருமை? அவன் ஒருவன் நிறுத்தினால் மற்றத் தோட்டங்கள், காளவாசல், குப்பை, பனியோடு படுத்துக் கிடக்கிற அத்தனையும் நிற்குமா?

ஆகவே, தம்பி, முடிவு இது. தை மாதம் நீங்கள் இங்கே வரவேண்டாம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவே வேண்டாம். காதை அங்கேயே குத்திக்கொள்ளுங்கள், பக்கத்துக் கோயிலில் வைத்தாலும் சரி, சுகந்தி சொன்ன நகைக்கடையில் வைத்தாலும் சரி. மாமன் மடி அங்கேயே இருக்கிறது, நானும் உன் அம்மாவும் கிளம்பி வருகிறோம். குலதெய்வத்திடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மூச்சை முட்டவைத்துத்தான் காணிக்கை வாங்க வேண்டும் என்று அது கேட்காது, கேட்டால் அதன் மேலும் எனக்குச் சந்தேகம் வரும். இங்கே எப்போது வரலாம் என்று நான் சொல்லி அனுப்புகிறேன். சொல்லாதபோது, திருவிழா என்றாலும் துக்கம் என்றாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதே, நீ மட்டும் வா. எங்களையும் அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்வாய், தெரியும். அங்கேயும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்வேன். உங்கள் ஊர்க் காற்று யோக்கியம் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதோடு, ஜன்னலைச் சாத்தவும் திறக்கவும் சொல்லி இப்போது நான்தான் சின்னச்சாமி வீட்டுக்குத் தகவல் கொடுக்கிறேன். அவன் மனைவியைத் தேனி டாக்டரிடம் கூட்டிப்போகிற வேலையும் பாக்கி இருக்கிறது.

உனக்கு நான் அதிகமாகப் புத்தி சொன்னதில்லை, இதை மட்டும் கேட்டுக்கொள். வாடை வந்தால்தான் விஷம் என்று நம்பாதே. கெட்டவன் ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதே, நான் ஊர் முழுவதும் தேடியும் அப்படி ஒருவனும் அகப்படவில்லை. பிள்ளை மூச்சு விடும்போது அதன் தொண்டைக்குழியைப் பார், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. சுகந்தி ஜன்னலைச் சாத்தினால் சாத்தியபடி இருக்கட்டும், நானே வந்து நின்றாலும் திறக்கவிடாதே. அவளிடம் நான் நேரில் வரும்போது பேசிக்கொள்கிறேன், அதைக் கடிதத்தில் எழுதி உன் வழியாக அனுப்புவது முறையில்லை.

கடைசியாக ஒன்று. இத்தனை தூரம் படித்த பிறகு, வரவேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டாரே என்று உனக்குள் ஒரு நிம்மதி வந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். இந்தச் சந்தேகம் மட்டும் தப்பாது. வந்தால் வரட்டும், அதில் உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பேத்திக்குத் தொட்டில் கட்ட வாங்கின சேலையை உன் அம்மா நேற்றுத்தான் துவைத்து மடித்து வைத்தாள். இன்னும் அவளிடம் நான் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்துதான் சொல்லப்போகிறேன். அவள் உனக்குப் போன் செய்வாள். அப்போது நீ சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாதே. வர முடியவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவே பேசு.

அப்பா